வயிறு நிறையட்டும், சோறு குறையட்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முதல் ஷிஃப்ட் விடுகிற நேரம். டீக்கடையில் ஆர்டர்கள் வரிசையாக விழுகின்றன: "ஒரு ஸ்ட்ராங், ரெண்டு லைட், ஒரு வித்தவுட்." அந்த வித்தவுட் டீயை வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் நாற்பத்தைந்து, ஐம்பது வயதிருக்கும். இன்னொரு கையில் ஒரு வடை இருக்கும். பேச்சுக் கொடுத்தால் அவர் சொல்லும் குறை ஒன்றுதான்: "டீக்குச் சர்க்கரை போடறதில்ல. ஸ்வீட் பக்கமே போறதில்ல. ராத்திரி சப்பாத்திதான். அப்படியும் சுகர் எறங்கல, தொப்பையும் எறங்கல. இன்னும் எதைத்தாண்ணே விடறது?"

நியாயமான கேள்வி. அவர் சோம்பேறி இல்லை, நாக்கைக் கட்டத் தெரியாதவரும் இல்லை. சொன்னதையெல்லாம் செய்திருக்கிறார். அவருக்குச் சொல்லப்பட்டதுதான் அரைகுறை. எதை விட வேண்டும் என்று நாலு பேர் சொன்னார்கள். தட்டில் எதற்கு எவ்வளவு இடம் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. டீயை வாங்கிக்கொண்டு உட்காருங்கள், அதைப் பேசுவோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பெரியவர்களுக்குப் பரவலாக வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றிய பேச்சு. முதல் வகைக்காரர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் டாக்டர் போட்டுக் கொடுத்த கணக்கையே பின்பற்ற வேண்டும்.

உழைப்பு போனது, தட்டு மாறவில்லை

சென்னைக்கும் சர்க்கரை நோய் மருத்துவத்துக்கும் உள்ள உறவு பழையது. 1948-இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் இதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். இன்று நாட்டின் பெரிய ஆய்வுகள் பலவும் இந்த ஊரிலிருந்துதான் நடக்கின்றன. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர். நாட்டின் சராசரி 11.4 சதவீதம் என்றால் தமிழ்நாட்டில் 14 சதவீதத்துக்கும் மேல்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு நம் மேற்குப் புறநகரையே பார்க்கலாம். 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அந்தக் காலத்தில் பட்டறையில் எட்டு மணி நேரம் நின்று, தூக்கி, இறக்கி, அடித்து, அறுத்து வேலை பார்த்தவர்கள் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனார்கள். அந்த உடம்புக்கு மூன்று கரண்டி சோறு தேவைப்பட்டது; சாப்பிட்டதெல்லாம் எரிந்தும் போனது. இன்று அதே வீட்டுப் பிள்ளை சிஎன்சி மெஷின் முன்னால் நின்று பொத்தானை அழுத்துகிறார், அல்லது தொழிற்பேட்டைக்குள் வந்துவிட்ட ஐடி கட்டடத்தில் நாற்காலியில் இருக்கிறார். வேலைக்குப் போக பைக், வர பைக். தட்டு மட்டும் அப்பா சாப்பிட்ட தட்டு. அப்பாவும் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார். அவர் தட்டும் குறையவில்லை.

காய், பயறு, மீன் எல்லாம் தேவைப்பட்டால் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும் தொட்டுக்கையாகவும், சோறு மட்டுமே சாப்பாடாகவும் இருப்பதுதான் நம் ஊர்த் தட்டின் அமைப்பு. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. பசியைப் போக்கிய பெரிய ஏற்பாடு அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டில் தாராளமாக இருப்பது அரிசி, எண்ணிச் செலவாவது பருப்பும் முட்டையும் என்றால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?"

இதைச் சொல்லாதவர் குறைவு. கை கால் மெலிந்து, தோள் சிறுத்து, சட்டைக்குள் ஒரு சின்னத் தொப்பை மட்டும் இருக்கும். எடை மெஷினில் நின்றால் 66 கிலோ. "எனக்கு எதுக்கு வெயிட் குறைக்கணும்?" என்பார்.

புனே மருத்துவர் சி. எஸ். யாக்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் 2004-இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, அதாவது பிஎம்ஐ, ஒன்றுதான்: 22.3. உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினுக்கு இருவரும் ஒன்று. உள்ளே ஒருவரிடம் தசை, இன்னொருவரிடம் கொழுப்பு. நம்மில் பலருடைய உடம்பு யாக்னிக்கின் உடம்புதான்.

அதனால்தான் நமக்கு வரம்பையே இறக்கி வைத்திருக்கிறார்கள். மேலை நாடுகளில் பிஎம்ஐ 25 தாண்டினால் அதிக எடை. இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன். அதைவிட எளிய அளவு இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். தையல்காரர் டேப் ஒன்றை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டையை விலக்கி, மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல் அளவெடுங்கள். அந்த எண்ணை காலண்டரில் தேதியோடு குறித்து வையுங்கள்.

இடுப்புக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? கல்லீரலை ஒரு குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கொழுப்பாக்கி அடுக்குவது அதன் வேலைகளில் ஒன்று. சரக்கு நாள்தோறும் வந்துகொண்டே இருக்க, வெளியே எடுப்பது குறைந்தால் குடோன் நிரம்பி வழிந்து, பக்கத்திலிருக்கும் கணையத்தின் வாசலிலும் மூட்டைகள் விழும். நிரம்பிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. இரவெல்லாம் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் படுத்தவருக்கும் காலையில் வெறும் வயிற்றுச் சுகர் 160 காட்டுவது இதனால்தான். வழிந்த கொழுப்பால் கணையமும் சோர்ந்து, இன்சுலின் சுரப்பு குறைகிறது. யாருடைய குடோன் எப்போது நிரம்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நமக்குக் குறைந்த எடையிலேயே நிரம்பிவிடுகிறது.

ஒரு நாளின் கணக்கு

வித்தவுட் டீ குடிக்கும் நண்பரின் ஒரு நாளைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். காலையில் 4 இட்லி: ஒன்றுக்குச் சுமார் 10 கிராம் மாவுச்சத்து வீதம் 40 கிராம். மதியம் கேன்டீன் சாப்பாடு: சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. மூன்றும் சேர்ந்தால் வெந்த சோறு 400 கிராமை எளிதில் தொடும். வெந்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து. ஆக 110 கிராமுக்கு மேல். சாயங்காலம் டீயோடு பிஸ்கட்டோ பஜ்ஜியோ, 20 கிராம். இரவு சப்பாத்தி 4, ஒன்று 15 முதல் 20 கிராம். அதோடு உருளைக்கிழங்கு குருமா. 80, 90 கிராம் அதில் போகிறது. மொத்தம் 250 கிராம்.

இத்தனையிலும் டீக்குச் சர்க்கரை போடாமல் அவர் மிச்சப்படுத்தியது எவ்வளவு? ஒரு டீக்கு 2 ஸ்பூன் என்றால் 10 கிராம், நாலு டீக்கு 40 கிராம். நல்ல காரியம்தான், விடக் கூடாது. ஆனால் மதியச் சோறு ஒன்றே அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சர்க்கரை நோய் சர்க்கரையால் வருகிறது என்று நினைத்து வெள்ளைச் சர்க்கரையோடு மட்டும் போராடுகிறோம். சோறும் இட்லியும் சப்பாத்தியும் குடலில் சர்க்கரையாகத்தான் முடிகின்றன.

இது அவர் ஒருவர் கதையும் இல்லை. சென்னையில் 2001-இல் தொடங்கிய க்யூர்ஸ் ஆய்வில், இந்த நகரத்துக்காரர்களின் அன்றாடக் கலோரியில் பாதிக்கு அருகில் தீட்டிய தானியத்திலிருந்து, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோயும் அதிகமாக இருந்தது. நாடு முழுவதற்குமான உணவுக் கணக்கு 2025-இல் வெளியானது: நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் வெறும் 12 சதவீதம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் தந்த வழிகாட்டுதல் தானியத்துக்கு 45 சதவீதத்துக்கு மேல் இடம் தராதீர்கள் என்கிறது.

தட்டை மாற்றி அடுக்குவது

பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. பட்டினி நாலு நாள் தாங்கும். ஐந்தாம் நாள் பசி வட்டியோடு திரும்பி வரும். செய்ய வேண்டியது இடமாற்றம். மதியத் தட்டை மனதுக்குள் நாலாகப் பிரியுங்கள். இரண்டு பங்கு காய்: பொரியல், கூட்டு, கீரை, அவரை, பீன்ஸ், புடலை, பீர்க்கை, கோஸ், முள்ளங்கி, வெண்டை. ஒரு பங்கு புரதம்: கெட்டிப் பருப்பு, சுண்டல், பச்சைப் பயறு, முட்டை, மீன், கோழி, பன்னீர், மீல்மேக்கர். மிச்சமுள்ள ஒரு பங்குதான் சோறு. உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாம் காய்ப் பங்கில் சேராது; சோற்றுப் பங்கில்தான் சேரும்.

சோற்றை 400 கிராமிலிருந்து 200 கிராமாக்கினால் 250 கலோரி குறைகிறது. அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் வந்தால் பசி நிற்கிறது. காரணம் நார்ச்சத்தும் புரதமும் வயிற்றில் அதிக நேரம் தங்கும். ஒரே நாளில் பாதியாக்க வேண்டாம். முதல் வாரம் மோருக்குப் போடும் சோற்றை விடுங்கள். மோரை டம்ளரில் குடியுங்கள். இரண்டு வாரம் கழித்து ரசத்தையும் டம்ளருக்கு மாற்றுங்கள். சோறு சாம்பாருக்கு மட்டும் நிற்கும். நம் பந்தி முறை மூன்று சுற்றாக இருப்பது இதற்கு வசதிதான். ஒவ்வொரு சுற்றாகக் கழற்றலாம்.

சாப்பிடும் வரிசையும் உதவும். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால், அதே சாப்பாட்டுக்கே சாப்பிட்ட பின் ஏறும் சுகர் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொரியலையும் சுண்டலையும் சோறு போடும் முன்பே சாப்பிடத் தொடங்குங்கள். சோறு வரும்போது பாதிப் பசி அடங்கியிருக்கும்.

அடுத்து வழக்கமாக வரும் கேள்விகள்.

"அப்போ சப்பாத்தி?" கோதுமையிலும் அரிசிக்குச் சமமான மாவுச்சத்து இருக்கிறது, நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல். இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் பருப்பும் காயும் என்றால் நல்ல இரவுச் சாப்பாடு. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் என்றால் சோறே பரவாயில்லை. சப்பாத்தியால் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் எண்ணிச் சாப்பிடுவதால் வருவது.

"கேழ்வரகு, கம்பு, சாமை?" நல்லவை. நார்ச்சத்தும் தாதுக்களும் உண்டு. ஆனால் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் கேழ்வரகும் சுகரை வேகமாக ஏற்றும். முழுத் தானியமாக வேகவைத்து, பருப்பும் காயும் சேர்த்து, அளவோடு சாப்பிட்டால்தான் பலன். சோறென்றால் பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல். குறைவாகத் தீட்டியது இன்னும் மேல். எந்த அரிசியானாலும் அளவுதான் முதலில்.

"நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன்?" சுகர் மீட்டருக்கு இவற்றில் பெரிய வித்தியாசம் தெரியாது. "பழம்?" கொய்யா, ஆப்பிள், பப்பாளி, ஆரஞ்சு, இவற்றில் ஒன்றை, ஒரு கையளவு, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் சாப்பிடலாம். ஜூஸ் வேண்டாம், பழத்தின் நாரைக் கழித்துச் சர்க்கரையை மட்டும் குடிப்பது அது. மாம்பழக் காலத்தில் ஆசைக்கு இரண்டு துண்டு சாப்பிட்டால், அந்த வேளைச் சோற்றில் அவ்வளவு குறையுங்கள்.

"வடை?" எண்ணெய் ஒரு ஸ்பூனுக்கு 45 கலோரி. சுகர் மீட்டரில் உடனே தெரியாததால் எண்ணெயை மறந்துவிடுகிறோம், தொப்பையில் தெரிகிறது. நாலு மணிக்குப் பசிக்கிறது என்றால் அது உண்மையான பசிதான். வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டலோ அவித்த முட்டையோ கொண்டு போங்கள். வேர்க்கடலை நல்லது, ஒரு கைப்பிடி வரை. அதற்கே 170 கலோரி.

பூந்தமல்லி சாலையில் பிரியாணி மணத்தைத் தாண்டிப் போவது எளிதில்லை என்று தெரியும். வாழ்க்கை முழுக்கப் பிரியாணி இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். அரை பிளேட் வாங்குங்கள், கறியையும் முட்டையையும் கூட்டுங்கள், வெங்காயப் பச்சடியை முதலில் சாப்பிடுங்கள், அன்றைக்கு இரவு இட்லி தோசை இல்லாமல் காயும் பயறுமாக முடித்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகப் பாதிப்பு இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். அவர்களுக்கு அளவு வேறு.

மாத்திரையும் சாப்பாடும் கைகோத்துப் போகட்டும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கிளிமிபிரைட் போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுகரை இறக்கும். மாத்திரை அளவு பழைய சோற்றளவுக்குப் போட்டது. சோற்றைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை அப்படியே போட்டால் லோ சுகர் வரலாம்: கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத கோபம். மெஷின் முன்னாலோ பைக்கிலோ அது வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் உணவை மாற்றப் போகிறேன் என்று முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்று அவர் பார்ப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சுகர் 70-க்குக் கீழே போனாலோ அறிகுறி தெரிந்தாலோ, உடனே 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்; ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். தேறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். பக்கத்து மெஷின்காரருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். வெறும் வயிற்றில் மது குடிப்பது லோ சுகர் ஆபத்தை இன்னும் கூட்டும்.

ஷிஃப்ட் மாறுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "காலை சாப்பாட்டுக்கு முன்" என்று சீட்டில் எழுதியிருக்கும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் உங்கள் காலை எது? எந்த மாத்திரையை எந்தச் சாப்பாட்டோடு சேர்ப்பது என்று கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். நைட் ஷிஃப்டில் நடுராத்திரிப் பெரிய சாப்பாடு வேண்டாம். வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பிட்டுவிட்டு, இரவில் முட்டை, சுண்டல், மோர் என்று இலகுவாக முடியுங்கள். பகலில் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் பசி ஏறும்.

டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், யூடியூபில் பார்த்தோம் என்று சோறு, இட்லி எல்லாவற்றையும் ஒரே நாளில் முழுக்க நிறுத்துவதோ நீண்ட பட்டினி இருப்பதோ கூடாது. ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "சுகர் வந்தப்ப நல்லா எளைச்சேன். மாத்திரை போட்டதும் வெயிட் ஏறிடுச்சு. மாத்திரைதான் காரணம்" என்பார்கள். ரத்தத்தில் சுகர் 180 தாண்டினால் மிஞ்சியது சிறுநீரில் வழிந்துவிடும். நாளுக்கு 50 கிராம் வழிந்தால் 200 கலோரி போகிறது, தசையும் கரைகிறது. அந்த இளைப்பு நோய் முற்றியதன் அடையாளம். நல்லதாக எண்ணிவிடக் கூடாது. சிகிச்சை தொடங்கியதும் வழிவது நிற்கிறது, சாப்பிட்டது உடம்பில் தங்குகிறது. சில மாத்திரைகளுக்கும் இன்சுலினுக்கும் எடை கூட்டும் குணம் உண்டு என்பதும் உண்மை. மெட்ஃபார்மினுக்கு அது இல்லை. எடை ஏறுகிறது என்றால் மாத்திரையை விடாமல், மாற்று உண்டா என்று கேளுங்கள். காரணமில்லாமல் எடை இறங்கினாலும் உடனே போய்ப் பாருங்கள்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

75 கிலோ இருப்பவர் முதலில் 4 கிலோ குறைத்தால் போதும். எடையில் 5 சதவீதம் இறங்கினாலே சுகர், பிரஷர், கெட்ட கொழுப்பு மூன்றிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோ என்ற வேகம் நல்லது.

அதற்கு மேல் போனால் என்ன கிடைக்கும்? பிரிட்டனில் ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்திய டைரக்ட் ஆய்வு 2017-இல் வந்தது. நோய் வந்து 6 ஆண்டுக்குள் இருந்த, பருமனானவர்களை எடை குறைக்க வைத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் நோய் வரம்புக்குக் கீழே வந்தது. அதிலும் 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. பிறகு டெய்லர், நம்மைப் போல அதிகப் பருமன் இல்லாத 20 பேரிடம் முயன்றார். எடையில் 10 சதவீதத்தை ஒட்டிக் குறைத்ததில் 14 பேருக்கு அதே பலன் கிடைத்தது. குடோன் காலியானால் கல்லீரல் மறுபடி சொல் கேட்கிறது. இவையெல்லாம் மருத்துவர் கண்காணிப்பில் நடந்தவை. நோய் வந்து வெகு ஆண்டுகள் ஆனவர்களுக்கு இந்த வாய்ப்பு குறைவு. அவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. மாத்திரை குறைவதும், கண்ணும் சிறுநீரகமும் காலும் பிழைப்பதும் சின்ன லாபங்கள் இல்லை.

எடை இறங்கவே மாட்டேன் என்கிறது, அதனால் எல்லாம் வீண் என்று கைவிடுகிறவர்களுக்கு நம்மூர் ஆய்வு ஒன்று. சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, நோயின் வாசலில் நின்ற 531 பேரில் ஒரு பிரிவினரிடம் உணவையும் நடையையும் மட்டும் மாற்றச் சொல்லி மூன்றாண்டு கவனித்தது. முடிவு 2006-இல் வந்தது. அந்தப் பிரிவினருக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவில்லை! முள் நகராத மாதங்களிலும் உள்ளே வேலை நடக்கிறது. அதனால்தான் டேப்பையும் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். அந்தச் சராசரி பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே இருப்பது நல்லது.

2025-இல் மவுன்ஜாரோ, வெகோவி என்று எடை குறைக்கும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன. தேவையா என்பது டாக்டர் முடிவு. ஊசி போட்டாலும் தட்டில் புரதம் வேண்டும், நடை வேண்டும். இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும்.

நடை

சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசை. தசை அசைந்தால் இன்சுலின் குறைவாக இருந்தாலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் மூன்று வேளையும் சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடப்பது நல்ல மருந்து. கேன்டீனிலிருந்து கேட் வரை போய் வந்தால் முடிந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை இலக்கு. ஆவடிக்காரர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரை இருக்கிறது. வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று தசைக்கும் வேலை கொடுங்கள். பாதத்தில் மரமரப்பு உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சேஃப்டி ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தபின்தான் மாட்ட வேண்டும்.

நினைவூட்ட ஆள் இருந்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கும் ராமச்சந்திரன் குழுவே சான்று தந்தது. நோயின் வாசலில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். ஒரு பாதிப் பேருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளை செல்போனில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாண்டில், செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. செய்தி வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான். உங்கள் ஷிஃப்டில் நாலு பேர் சேர்ந்து வாட்ஸாப் குழு ஒன்று வைத்துக்கொள்ள என்ன தடை?

பணம் ஒரு காரணமாக வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

அடுப்படியில் முடிவாகும் விஷயம்

கடைசியாக ஒன்று. இத்தனை நேரம் நோயாளியோடு பேசினேன். ஆனால் மதியம் டப்பாவில் என்ன இருக்கும் என்பது அம்பத்தூரிலும் ஆவடியிலும் பெரும்பாலான வீடுகளில் காலை ஐந்து மணிக்கு ஒரு பெண் முடிவு செய்வது. அவரும் வேலைக்குப் போகிறவர். "இவருக்குத் தனிச் சமையல்" என்று அவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றாதீர்கள். தனிச் சமையல் எந்த வீட்டிலும் நிலைப்பதில்லை, தேவையும் இல்லை. இரவே கொண்டைக்கடலையை ஊறப் போடுவதும், காய் நறுக்குவதும், ஞாயிற்றுக்கிழமை காய் வாங்கி வருவதும் நோயுள்ளவர் செய்யக்கூடியவை. அவர் செய்யட்டும்.

ஏனென்றால் அந்தச் சோற்றுப் பானை வீட்டுக்கே பொதுவானது. அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு அதிகம். பரிமாறுகிறவரின் இடுப்பளவை இதுவரை யாரும் கேட்டதில்லை, 80 செ.மீ. என்ற வரம்பு அவருக்கும் உண்டு. சுண்டலும் கீரையும் முட்டையும் எல்லோர் தட்டிலும் ஏறி, சோறு எல்லோர் தட்டிலும் கால் பங்குக்கு இறங்கினால், ஒருவருக்கு அது வைத்தியம், மற்றவர்களுக்கு அது காவல். இந்த மாதம் ரேஷன் வாங்கும்போது அரிசி மூட்டையை மட்டும் பார்க்காமல், வீட்டில் பருப்பும் பயறும் எத்தனை கிலோ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். மாற்றத்தை அங்கிருந்து தொடங்கலாம்.